வாசகர் கேள்வி பதில்: மனந்திரும்பிய பிறகு எஞ்சும் கணக்குகள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பிறகு வீட்டிலும் வேலையிடத்திலும் உறவினர் நடுவிலும் எப்படி வாழ்வது என்பதே அப்பொருள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் அடையாளம் வெளிப்படாதபடி சில விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் லாரி ஓட்டுநர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றேன். அன்றோடு குடியையும் நாலு நம்பர் லாட்டரி எடுப்பதையும் விட்டுவிட்டேன். அதற்கு முன்பு, உடன் வேலை செய்பவர்களையும் அண்டை வீட்டாரையும் சேர்த்துக் கூட்டு (மாதச் சீட்டு) நடத்தி, கடைசி மாதங்களில் வசூலான பணத்தை நானே செலவழித்துவிட்டேன். ஒன்பது பேருக்கு இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது. கடனட்டைப் பாக்கியும் உண்டு. பழையவை ஒழிந்துபோயின என்று வேதமே சொல்வதால் அவற்றைத் திரும்பத் தோண்ட வேண்டியதில்லை என்று சபையில் சிலர் கூறுகிறார்கள். அடுத்த மாதம் ஆராதனையில் என் மனமாற்றத்தைச் சாட்சியாகச் சொல்ல அழைத்திருக்கிறார்கள். என் மனைவியோ அன்று சபைக்கு வரமாட்டேன் என்கிறார். நான் என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்)

பதில்: உங்கள் மனைவி சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் குடியை விட்டது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சந்தையிலும் பள்ளிக்கூட வாசலிலும் கல்யாண வீடுகளிலும் அந்த ஒன்பது குடும்பத்துப் பெண்களை நேருக்கு நேர் பார்ப்பவர் அவர்தான். நீங்கள் மேடையில் நின்று விடுதலை பெற்ற கதையைச் சொல்லும்போது, அந்தப் பழைய வாழ்க்கையின் செலவை யார் யார் ஏற்றார்கள் என்று அறிந்திருந்தும் தலையசைத்துக்கொண்டு அமர்ந்திருக்க அவரால் முடியாது. இதை யாராவது அவிசுவாசம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் அதை நேர்மை என்றே சொல்வேன்.

உங்களிடம் காட்டப்பட்ட வசனம், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த ஒரு வரியோடு வாசிப்பை நிறுத்திக்கொள்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. அடுத்து வரும் வரிகள் எல்லாம் ஒப்புரவாகுதலைப் பற்றியவை. தேவன் மனிதர்களின் மீறுதல்களை அவர்கள்மேல் எண்ணாமல் விட்டார் என்றும், ஒப்புரவாக்கும் ஊழியத்தை நம்மிடம் ஒப்படைத்தார் என்றும் பவுல் அங்கே எழுதுகிறார். உங்கள் பாவத்தைத் தேவன் மன்னித்தார்; அதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பணமோ ஒன்பது பேருடையது. அதை வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டே தவிர, உங்கள் சபையாருக்குக் கிடையாது.

எரிகோவில் வரி வசூலிப்போருக்குத் தலைவனாக இருந்த சகேயுவை நாம் ஞாயிறு பள்ளியில், இயேசுவைப் பார்க்க அவன் ஏறிய காட்டத்தி மரத்தோடு விட்டுவிடுகிறோம். மரத்திலிருந்து இறங்கிய பிறகு அவன் செய்ததே உங்களுக்குப் பயன்படும். சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அவன் எழுந்து நின்று சொன்னான். மோசேயின் நியாயப்பிரமாணம், பிறனை ஏமாற்றியவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஓர் ஆட்டைத் திருடி அறுத்துவிட்டவனோ நான்கு ஆடுகளைக் கொடுக்க வேண்டும். சகேயு தனக்குத் தானே அந்தக் கடினமான அளவையே தேர்ந்துகொண்டான். அவன் இப்படிக் கொடுத்து இரட்சிப்பை விலைக்கு வாங்கவில்லை. இயேசு அவன் வீட்டுக்கு வருவதாகச் சொன்னபோது அவன் இன்னும் ஒரு காசும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. வீட்டுக்குள் வந்தவரைக் கண்ட பிறகு, பெட்டியில் இருந்த பிறர் பணத்தை வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை.

இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஜமானன் பிலேமோனிடமிருந்து ஓடிப்போன அடிமை ஒநேசிமு, பவுல் மூலமாக விசுவாசியானான். அவனைத் திருப்பி அனுப்பும் கடிதத்தில், அவன் விசுவாசியாகிவிட்டதால் பழைய கணக்கை மறந்துவிடு என்று பவுல் எழுதவில்லை. அவன் உனக்கு ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் எழுது, நான் செலுத்துகிறேன் என்று தம் கைப்படவே எழுதிக் கொடுத்தார். சிறையிலிருந்த ஒரு முதியவர் எழுதிய உறுதிச்சீட்டு அது.

இனி நடைமுறைக்கு வருவோம். கூட்டு நிதி நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் தடை செய்திருக்கிறது. ஆகவே பணம் போட்டவர்கள் நீதிமன்றத்துக்கோ காவல் நிலையத்துக்கோ போகத் தயங்குவார்கள். பெரும்பாலும் கையில் ஒரு தாளும் இராது. சட்டத்தின் துணை இப்படிக் குறைந்திருக்கும் இடத்தில், அவர்களுக்கு உங்கள் மனசாட்சியைத் தவிர வேறு பிணையம் இல்லை. ஒன்பது பெயர்களையும் தொகைகளையும் மனைவியின் முன்னிலையில் எழுதுங்கள். அவர் நினைவு உங்கள் நினைவைவிடச் சரியாக இருக்கக்கூடும். பிறகு ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், போதகரையும் அழைத்துப் போக வேண்டாம். நான் இரட்சிக்கப்பட்டேன் என்று பேச்சைத் தொடங்காமல், உங்கள் பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டேன் என்று தொடங்குங்கள். மாதம் எவ்வளவு தரமுடியும் என்பதைக் குறைத்தே சொல்லி, சொன்னபடி கொடுங்கள். எழுதிக் கையெழுத்திடுவதற்கு முன் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் ஆலோசனை கேட்பது நல்லது. பினாங்கிலும் அதற்கு மையம் உண்டு. யாராவது இறந்திருந்தால் அவருடைய நெருங்கிய உறவினருக்குக் கொடுக்க வேண்டும் என்று எண்ணாகமமே வழி சொல்கிறது. சிலர் திட்டுவார்கள். ஒருவர் கதவைச் சாத்தினாலும் வியப்பில்லை. பணம் கொடுப்பது உங்கள் கடமை. மன்னிப்பை அவர்கள் தரவேண்டும் என்று எதிர்பார்க்க உங்களுக்கு உரிமையில்லை.

கடனட்டைப் பாக்கிக்கு ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தை நாடுங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த நிறுவனம் அது. கட்டணம் இல்லாமல், வங்கிகளோடு பேசி மாதத் தவணையை மாற்றியமைக்க உதவுகிறது. வட்டி முதலைகளிடம் வாங்கிய கடனை அது கையாளாது.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கேள்வி வரும். பிறர் பணம் கையில் இருக்கும்போது காணிக்கைப் பெட்டியைவிட அந்த ஒன்பது வீடுகளே முதலில் வர வேண்டும் என்பது என் கருத்து. உன்மேல் சகோதரனுக்குக் குறை இருப்பது நினைவுக்கு வந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் சொல்லப்பட்ட வரிசையும் அதுவே. இதை மறுக்கும் போதகர்களும் இருக்கிறார்கள். உங்கள் போதகரிடம் மறைக்காமல் பேசுங்கள். சாட்சி சொல்வதைத் தள்ளிவையுங்கள். அந்த ஒன்பது பேரில் சிலராவது அவையில் வந்து அமரத்தக்க நாள் வந்தால், மனைவியிடம் மறுபடி கேளுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்தியே கிறிஸ்தவள். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பத்துமலைப் படிகள் ஏறுவார். அவருக்கு முழங்கால் வலி. இந்த ஆண்டு நான் மறுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவோடு போய்விட்டு வந்தவர், இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிரசாதத்தைத் தொடுவதில்லை என்பதிலும், அப்பாவின் நினைவு நாள் படையலில் நிற்பதில்லை என்பதிலும் வீட்டில் சண்டை. சபைக்குத் தசமபாகம் கொடுக்கத் தொடங்கியதால் அம்மாவுக்குக் கொடுக்கும் மாதப் பணத்தையும் குறைக்க வேண்டியதாயிற்று. மாறிய வாழ்க்கை என்றால் இப்படித்தான் இருக்குமா?
(வாசகி, செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: கடைசியில் சொன்னதை முதலில் முடித்துவிடலாம். அம்மாவுக்குக் கொடுத்துவந்த தொகையை மறுபடியும் முழுமையாகக் கொடுங்கள். தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்களை இயேசு கடுமையாகவே கண்டித்தார். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் அது இருக்கிறது. சபைக்கு எவ்வளவு என்பது அதற்குப் பின் வரும் கணக்கு.

பத்துமலைக்கு வருகிறேன். இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தில் சீரியப் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கி, இனி இஸ்ரவேலின் தேவனைத் தவிர வேறு தேவனுக்குப் பலியிடுவதில்லை என்று உறுதி சொன்னான். உடனே ஒரு சங்கடத்தையும் சொன்னான். அவனுடைய அரசன் சீரியரின் தெய்வமான ரிம்மோனின் கோயிலுக்குப் பணிந்துகொள்ளப் போகும்போது இவன் கையில்தான் சாய்ந்துகொள்வான். அப்போது தானும் குனிய நேரிடும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்றான். அவனைக் குணமாக்க வழி சொன்ன தீர்க்கதரிசி எலிசா அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. சமாதானத்தோடே போ என்று அனுப்பிவைத்தார். உங்கள் கடிதத்தை வாசித்தபோது அந்த அரசனின் கைதான் நினைவுக்கு வந்தது. 272 படிகள் ஏற அம்மாவுக்கு ஒரு கை வேண்டும். கை கொடுப்பது மகளின் கடமை. சன்னிதியில் நின்று வணங்குவதும் பால்குடம் சுமப்பதும் வழிபாடு. இவ்விரண்டுக்கும் நடுவே எல்லை இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். நீங்கள் படியேறித் துணை நின்று, பூசை நடக்கும்போது ஒதுங்கி அமைதியாக நிற்கலாம். இதை ஏற்காத சபைகள் பல உண்டு என்பதையும், புதிதாய் விசுவாசத்துக்கு வந்த ஒருவரின் மனசாட்சி இடம் கொடுக்கவில்லையென்றால் அவரை வற்புறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அப்படி மனம் இடம் தராவிட்டால், காரில் கொண்டுபோய் அடிவாரத்தில் விட்டு, இறங்கி வரும்வரை காத்திருங்கள். போகமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வீட்டில் இருந்ததுதான் அம்மாவைப் புண்படுத்தியிருக்கும்.

உணவைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் எட்டாம் அதிகாரத்திலும் பத்தாம் அதிகாரத்திலும் நிதானமாகப் பேசுகிறார். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால் போங்கள், முன்னால் வைக்கப்படுவதை விசாரணை செய்யாமல் சாப்பிடுங்கள், இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் சொன்னவரின் மனசாட்சியை முன்னிட்டுச் சாப்பிடாதிருங்கள் என்பது அவர் சொல்லும் முறை. கோயில் பந்தியில் பங்கு கொள்வதை மட்டும் அவர் தெளிவாக விலக்குகிறார். ஆகவே அம்மா சமைத்ததை எதுவும் கேட்காமல் சாப்பிடுங்கள். பிரசாதம் என்று சொல்லி நீட்டினால் கைகூப்பி, எனக்கு வேண்டாம் அம்மா என்று சொல்லுங்கள். முகத்தைச் சுளிப்பதும், அது பேய்க்குப் படைத்தது என்று விளக்கம் சொல்லத் தொடங்குவதும் வேண்டாம். உங்கள் அம்மா பக்தியோடு கொடுக்கிறார். அந்தப் பக்தியை இழிவுபடுத்திப் பேசும் உரிமை ஞானஸ்நானத்தோடு யாருக்கும் வழங்கப்படுவதில்லை.

அப்பாவின் நினைவு நாளில் படையலின் முன் வணங்காமல் இருப்பது உங்கள் உரிமை. ஆனால் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வீட்டுக்குப் போய்க் காய்கறி நறுக்குங்கள், வந்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறுங்கள், செலவில் உங்கள் பங்கை யாரும் கேட்பதற்கு முன்பே அண்ணனிடம் கொடுங்கள்.

கேள்வி: ஆசிரியையாக வேலை செய்கிறேன். விசுவாசத்துக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கோபம் மட்டும் போகவே இல்லை. வீட்டில் பிள்ளைகளிடம் கத்திவிட்டு இரவில் அழுகிறேன். நீ உண்மையில் மறுபடி பிறக்கவில்லை என்று ஜெபக்குழுவில் ஒரு சகோதரி கூறினார். அவர் சொல்வது சரியா?
(வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: அந்தச் சகோதரிக்கு அதை அறியும் வழி இல்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, 1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில் தம் இருதயம் வியப்பான விதத்தில் அனல் கொண்டதாக எழுதினார். மெதடிஸ்ட் சபையார் அந்த நாளை இன்றும் நினைவுகூர்கிறார்கள். அதற்குச் சில மாதங்கள் கழித்து, 1739 ஜனவரியில், தாம் இன்னும் கிறிஸ்தவன் இல்லை என்று அதே வெஸ்லி தம் நாட்குறிப்பில் எழுதினார் என்பதை நாம் அதிகமாகச் சொல்வதில்லை. கப்பலோட்டியான ஜான் நியூட்டன் 1748இல் புயலின் நடுவே தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அதன் பிறகும் அடிமைக் கப்பல்களின் தலைவராகவே கடலில் சென்றார். 1754இல் உடல்நலக் குறைவால்தான் கடல் வாழ்க்கையை விட்டார். அந்த வணிகத்தைக் கண்டித்து, தம் பங்கையும் ஒப்புக்கொண்டு அவர் சிறுநூல் வெளியிட்ட ஆண்டு 1788. புயலுக்கும் அந்த நூலுக்கும் நடுவே 40 ஆண்டுகள். தமஸ்கு வழியில் இயேசுவைச் சந்தித்து மனம் மாறியதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பிறகும் பவுல், நான் இன்னும் அடைந்தாயிற்று என்று எண்ணவில்லை, தொடர்கிறேன் என்றுதான் பிலிப்பியருக்கு எழுதினார்.

இவற்றைச் சொல்வது, கோபம் பரவாயில்லை என்று உங்களைத் தேற்றுவதற்காக அல்ல. நியூட்டனின் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவருடைய கப்பலின் அடித்தட்டில் கிடந்த மனிதர்கள். உங்கள் கோபத்துக்கு விலை கொடுப்பவர்கள் பிள்ளைகள். இரவில் தனியே அழுவதால் அவர்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை. மறுநாள் காலையில் அவர்களை உட்கார வைத்து, அம்மா கத்தியது தவறு என்று காரணம் கற்பிக்காமல் சொல்லுங்கள். நம் வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இல்லை. கேட்டால் மரியாதை போய்விடும் என்ற அச்சம் நமக்கு. விசுவாசம் ஒரு குடும்பத்துக்குள் கொண்டுவரக்கூடிய உண்மையான மாற்றங்களில் இதை முதன்மையானதாக வைப்பேன். எந்த நேரத்தில் கோபம் வருகிறது என்பதையும் கவனியுங்கள். பள்ளியிலிருந்து வந்து சமையலறைக்குள் நுழையும் அந்த ஒரு மணி நேரம்தான் என்றால், கணவரோடு பேசி வேலையைப் பகிர்ந்துகொள்வதும் மனந்திரும்புதலைச் சேர்ந்ததே. பிள்ளைகளைக் கை நீட்டி அடிக்கும் அளவுக்குப் போகிறதென்றால், ஜெபத்தோடு ஒரு மனநல ஆலோசகரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவாகாது.

கேள்வி: எங்கள் சபையில் எல்லாரும் மறுபடி பிறந்தவர்கள்தான். மகனுக்குப் பெண் தேடும்போது மட்டும் முதல் கேள்வியாகச் சாதியைக் கேட்கிறார்கள். இது சரியா?
(வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பதில்: சரியில்லை. இது புதிய நோயும் அன்று. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாக, முழுமையாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையில் பலர் அதை எதிர்த்தார்கள். நாம் இன்றும் ஆராதனையில் பாடுகிற பாடல்களை இயற்றிய வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களில் ஒருவர். பாடல்களோடு அந்த எதிர்ப்பையும் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் நம் முன்னோர் மலாயாவுக்கு வந்தார்கள் போலும். அந்தியோகியாவில் அப்போஸ்தலர் பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் யூதரல்லாத புறஜாதியாரோடு பந்தியில் அமர்வதை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அதை எல்லாருக்கும் முன்பாக, முகத்துக்கு நேரே கண்டித்தார். பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கித்த அதே பேதுருதான் அவர். உங்கள் சபையில் வரன் பதிவு செய்யும் தாளில் சாதிக்கு ஒரு கட்டம் இருந்தால், அதை நீக்கும்படி மூப்பர் குழுவுக்கு எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: என் பெயரில் முருகன் பெயர் இருக்கிறது. ஞானஸ்நானம் எடுக்கும்போது மாற்ற வேண்டுமா?
(வாசகர், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: வேண்டியதில்லை. அப்பொல்லோ, எர்மே, பெபேயாள் ஆகிய மூன்று பெயர்களும் கிரேக்கத் தெய்வங்களோடு தொடர்புடையவை. பவுல் அவர்களை அந்தப் பெயர்களாலேயே தம் நிருபங்களில் குறிப்பிடுகிறார். 1858இல் ஞானஸ்நானம் பெற்ற கவிஞர் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை, 1900இல் இறக்கும்வரை கிருஷ்ண பிள்ளையாகவே இருந்தார். சவுல் மனந்திரும்பியதால் பவுல் ஆனான் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள்; தமஸ்குவுக்குப் பிறகும் நெடுங்காலம் அவர் சவுல் என்றே அழைக்கப்பட்டதை அப்போஸ்தலர் நடபடிகளில் பார்க்கலாம். அடையாள அட்டையைத் தொட வேண்டாம். பெயர் வைத்த பெற்றோரை வருத்தவும் வேண்டாம். சபைப் பதிவேட்டில் இன்னொரு பெயரைச் சேர்த்துக்கொள்ள விரும்பினால், ஞானஸ்நானத்துக்கு முன்பாகவே போதகரிடம் சொல்லிவிடுங்கள்.